ஒரு பக்கத்து அளவு

டேப்ப உள்ள வையி கண்ணு, எனக்கில்ல. என்ற சிநேகிதி ஜெபராணிக்கு. பிரான்னு நீங்க சொல்றீங்க, எங்களுக்கு அது பாடி. ரெண்டு பேரும் ஒரே மில்லு, ஒரே ஷிப்டு.

கூட்டிட்டு வரச் சொல்றயா? அவளால வர முடியாது. அதனாலதான் நூல்ல அளந்துட்டு வந்தேன். இந்தா. மொத முடிச்சு வரைக்கும் மாருக்குக் கீழ சுத்தளவு. அடுத்தது மாரு மேல. ஆனா அது பாதிதான். நடுமுதுகுல புடிச்சு நடுநெஞ்சு வரைக்கும். நீ ரெண்டால பெருக்கிக்க.

ஏன்னா அவளுக்கு ஒரு பக்கந்தான் இருக்குது. இடது பக்கத்த ஆஸ்பத்திரில எடுத்துப்போட்டாங்க. மொகத்தச் சுளிக்காத அம்மணி, கேன்சரு தொத்து நோயில்ல.

ஆமா, உள்ள பை வெச்சுத் தச்சது, ஸ்பாஞ்சு சொருகறது. அதேதான். இத்தன நாளா? பழைய பாடிக்குள்ள பஞ்சத் திணிச்சுக்குவா. வேர்த்தாக் கட்டிகட்டியா ஆகி மேல ஏறிக்கும். வாசப்படி தாண்டறப்பெல்லாம் நின்னு கேப்பா, ராசாத்தாக்கா, ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு. இருக்குது வாடின்னுவேன். இன்னைக்குக் காத்தாலகூட கேட்டா. எங்காதுல நல்லா உழுந்துது. திரும்பிப் பாத்தேன்.

ஒண்ணுமில்ல கண்ணு, நீ எடுத்துப்போடு.

அந்தக் காலத்துல மில்லு கேட்டுல பொம்பளைங்களுக்குச் சோதனை. நூலத் திருடறமாம், பஞ்சத் திருடறமாம். சோதனை போடறவளுக ஜாக்கெட்டுக்குள்ள கைய உட்டுத் தடவுவாளுக. உடுவமா? கேட்டுக்கு முன்னால மொதல்ல போயி உக்காந்தது நானும் அவளுந்தான். நோட்டீசு எழுதுனது நானு. மானம் கூலியில சேராதுன்னு போட்டேன். சோதனை நின்னுச்சு. மாலைய சங்கத்துல எவனோ வாங்கிட்டுப் போனான். இப்ப அவன் பேருல மண்டபமே நிக்குது, உடு. அன்னைக்கு அவ மாருல இல்லாத பஞ்ச அவளுக தேடுனாளுக. கடைசில நெசமாவே பஞ்ச வெச்சுட்டுத் திரிஞ்சா.

என்ன கேக்கற? மூச்ச வெளிய உட்டுட்டு அளந்தாங்களாவா? அதெல்லாம் சரியா இருக்கும். அவ துளி அசையல.

இந்தக் கலரு வேண்டாம், வெள்ள குடு. சீலையும் வெள்ளதான். ஸ்பாஞ்ச எங்கையில குடு பாக்கறேன். இது பொக்குன்னு இருக்குது, அடுத்தது? ம். இது ஈடாகும். கொக்கி முன்னால வெச்சதா இருந்தாத் தேவல. முதுகப் பொரட்டிப் போட ஆளு பத்தாது.

சித்த இரு, போனு.

வந்துட்டே இருக்கறேன், பிராங்க்கு. கத்தாத. நான் வர்ற வரைக்கும் ஒருத்தனும் கை வெக்கக்கூடாது, சொல்லிப்போட்டேன்.

அவ ஊட்டுக்காரன். இதெல்லாம் எதுக்கு, யாரு பாக்கப்போறாங்கங்கறான். பாக்கறவங்களுக்காகவா அவ கேட்டா?

மாத்தறதுக்கு ரசீதா? வேண்டாம் கண்ணு, மாத்த வர மாட்டேன். பையும் வேண்டாம், கைலயே குடு. குளிப்பாட்டி, சீலைய மேல போத்திப் படுக்க வெச்சுட்டு வந்திருக்கறேன். சாமியாரு வந்து பெட்டிய மூடறதுக்குள்ள போட்டு உட்றோணும்.