மகன் எழுதிய வரி

காரைக்குடியிலிருந்து புதுவயல் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியைகள் இருவர். மூத்தவர் சொன்னார்:

“ஒன்னாப்புலேருந்து அஞ்சாப்பு வரைக்கும் எல்லாப் புள்ளைகளும் இப்பத் தெனமும் சொந்தமா எழுதுதுக. ஆட்டுக்குட்டி பால் குடிச்சதைக்கூட எழுதுதுக. சிங்கப்பூர்ல இருக்க என் மகன்தான் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்புறான்.”

“தம்பி போன்ல பேசுமுல்லக்கா?”

“‘சாப்பிட்டியா’ன்னு கேட்டுட்டு வச்சிருவான். அதான் புள்ளைகளுக்குக் குடுக்குற தலைப்பையே காலையில அவனுக்கும் அனுப்பிட்டேன். நேத்து நீ பாத்ததை எழுதுன்னு.”

அரிசி ஆலை லாரிகள் மறித்துப் பேருந்து நின்றபோது, அவர் கைபேசி ஒலித்தது. சத்தமாகவே வாசித்தார்:

“நேத்து நல்ல மழைம்மா. குடையில்லாம நடந்தே வந்தேன்.”

“எழுதிருச்சுல்லக்கா! என்ன பதில் போடப் போறீக?”

“வகுப்புல கேக்குறதுதான்.”

இன்னொரு முறை அதை வாசித்துவிட்டு, ‘அப்புறம்?’ என்று தட்டினார்.