அப்பீலுக்கு முந்தின சனிக்கிழமை

சுளீர்!

பொக்லைனின் பெல்ட்தான் அறுந்துவிட்டது என்று நினைத்தான் ஜாஹித். இறங்கிப் பார்த்தான். பெல்ட் அப்படியே இருந்தது.

டார்ச்சை அணைத்துவிட்டுக் கேளுங்கள். வயல் மோட்டாருக்குக் கரண்ட் வர இன்னும் நேரம் இருக்கிறது. இது, இதோ உட்கார்ந்திருக்கிற நம் அப்சரின் மச்சான் ஜாஹித்துக்கு நடந்தது. ராத்திரியில் இல்லை. சித்திரை மாதத்து உச்சி வெயிலில்.

பூதலூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகும் வழியில் பிரிகிற வாய்க்கால் கரைச் சாலை. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. ஒரு காக்கை இல்லை... சாலை முடிகிற இடத்தில் பண்ணை பங்களா.

"ஏன் தம்பி இறங்கிட்டே? முன் சுவத்துல ஆரம்பி" என்றார் வீட்டுக்காரர் குஞ்சிதபாதம். இடிக்க பர்மிஷன் வாங்கியாச்சு என்று சொல்லித்தான் அவனை வரச் சொல்லியிருந்தார்.

ஜாஹித் மறுபடி ஏறி உட்கார்ந்தபோது ஒரு பைக் புழுதி பறக்க வந்தது. அதைப் போட்டுவிட்டு ஓடிவந்தவன் பரிதி. காலனிக்காரன், பள்ளிக்கூட வாத்தியார். நேராக வண்டிக்கு முன்னால் வந்து நின்றான்.

"நிறுத்துங்க பாய்! இது மரபுக் கட்டடம்னு அறிவிச்ச வீடு. அதை எதிர்த்து இவரு அப்பீல் போட்டிருக்காரு. திங்கக்கிழமை தஞ்சாவூர்ல விசாரணை. அதுவரைக்கும் ஒரு செங்கல்லத் தொடக் கூடாது."

"பர்மிஷன் வாங்கியாச்சுன்னாரே?"

"எங்க வாங்குனாரு? காட்டச் சொல்லுங்க."

குஞ்சிதபாதம் சிரித்தார். "சனி, ஞாயிறுல எந்த ஆபீஸ்டா திறந்திருக்கு? யாருகிட்டப் போய் அழுவே? திங்கக்கிழமை வீடே இருக்காது. அப்புறம் எதைப் பாதுகாப்பானுங்க? உன் பாட்டன் அடி வாங்குனதுக்கெல்லாம் கவர்மெண்ட் போர்டு வைக்கணுமோ?"

பரிதி அவரைப் பார்க்கவில்லை. ஜாஹித்திடம்தான் பேசினான்.

"எங்க பாட்டன் பேரு மருதையன். கூலியில அரை மரக்கா நெல்லு கூடக் கேட்டாருன்னு, இவங்க தாத்தா அந்தக் கூடத்துத் தூண்ல கட்டி வச்சு அடிச்சாரு. அதோட சரி, அவரை யாரும் பாக்கல. ஊரைவிட்டு ஓடிட்டான்னு சொல்லிட்டாங்க. தூணையும் இடிச்சுட்டா அடிக்கவே இல்லேன்னு ஆயிடும் பாய்."

என்ஜினை அணைக்க ஜாஹித் சாவியைத் திருப்பப் போனான். அதற்குள் கடப்பாரையின் பின்பக்கம் பரிதியின் மண்டையில் இறங்கியது. அவன் சத்தம் போடாமல் மடங்கி விழுந்தான். கடப்பாரையை வீசிவிட்டுக் குஞ்சிதபாதம் வண்டியில் தாவி ஏறினார். ஜாஹித்தின் கையைத் தட்டிவிட்டு, லீவரைத் தாமே தள்ளினார். வண்டியின் இரும்புக்கை முன் சுவரில் பாய்ந்தது.

சுளீர்!

அலறினார் குஞ்சிதபாதம். வெள்ளைச் சட்டை முதுகில் குறுக்காகக் கிழிந்திருந்தது. கிழிசலில் ஒரு சிவப்புக் கோடு... அது தடித்தது. பிளந்தது.

வண்டியிலிருந்து விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. இழுபட்டார். யாரோ முடியைப் பற்றி இழுப்பது போலத் தலை முன்னால் போக, கால் பின்னால் தேய்ந்தது. உடைந்த சுவரைத் தாண்டி... செங்கல் குவியலைத் தாண்டி... கூடத்துக்குள். கருங்கல் தூணை அவர் கட்டிக்கொண்டார். இல்லை. கட்டப்பட்டார். இரண்டு கையும் தூணைச் சுற்றி வளைந்து, மணிக்கட்டும் மணிக்கட்டும் ஒட்டிக்கொண்டன. கயிறு இல்லை. ஆனால் கயிறு இறுகுகிற சத்தம் கேட்டது.

சுளீர். சுளீர்.

ஜாஹித் என்ஜினை அணைத்தான். அடி நிற்கவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிரிக்கப் பார்த்தான். விரல்கள் கல்லோடு கல்லாக இருந்தன. ஈர வைக்கோல் வாடை. சாணி வாடை. சூடான ரத்தம் அவன் முகத்தில் தெறித்தது. கூடத்தில் வேறு யாருமே இல்லை. ஆனால் பக்கத்தில் யாரோ வெற்றிலை மெல்லுகிற சத்தம்... நிதானமாக.

குஞ்சிதபாதத்தின் முதுகில் தோலே இல்லை.

"விடுங்க! செத்துருவாரு!"

பரிதிதான். மண்டையிலிருந்து ரத்தம் ஒழுக, உடைந்த சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கத்தினான். வெற்றிலை மெல்லுகிற சத்தம் நின்றது. கை பிரிந்தது. குஞ்சிதபாதம் சரிந்தார்.

இருவரும்தான் அவரைத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மணிக்கட்டில் கயிறு அறுத்த தடம் இருந்ததை டாக்டர் பார்த்தார். அடித்தது யார் என்று கேட்டார். என்ன சொல்வது?

சொல்ல ஆள் இருந்தது. பங்களாவை அவர் விட்டுக்கொடுக்காத ஆத்திரத்தில் பரிதிதான் கட்டிவைத்து அடித்தான் என்றார் குஞ்சிதபாதத்தின் வக்கீல். ஜாஹித் சொன்ன சாட்சியைக் கேட்டு இன்ஸ்பெக்டர் சிரித்தார். அடிபட்டவரோ வாயே திறக்கவில்லை. அவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பரிதிக்கு ஜெயில், வேலை போகும், பங்களாவும் போகும்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, தள்ளிவைத்த அப்பீல் விசாரணை நடந்தது. தஞ்சாவூரில், குளிரூட்டிய அறை. ஜாஹித் சுவரோரம் நின்றான். பரிதி தலையில் கட்டோடு முன்வரிசையில்.

அப்பீலை விசாரிக்கும் குழுவின் தலைவர் ஒரு பெண் அதிகாரி. நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. பயப்படாம சொல்லுங்க, அடிச்சது யாரு?"

குஞ்சிதபாதம் நாற்காலியைத் தொடவில்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தரையில் குந்தினார். பரிதியைப் பார்க்கவில்லை, வக்கீலைப் பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால், யாருமே இல்லாத மூலையைப் பார்த்துக் கை கூப்பினார். ஜாஹித் அதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"அடிச்சது போதும் ஆண்டே... கொல்லைக் கெணத்துல மட்டும் போட்டுடாதீங்க. எனக்கு இன்னும் உசுரு இருக்கு."