இடப்பக்கம் இரண்டு க்ளிக்

கைத்துப்பாக்கியின் மேல் பொருத்தும் சிவப்புப் புள்ளிக் கண்ணாடிகளில் எது நல்லது என்று யாராவது என்னைக் கேட்டால், உங்கள் ஊரில் காற்று எப்படி என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். நம் ஓக்லஹோமாவில் காற்று தனியாக வராது, செம்மண்ணையும் கூட்டிக்கொண்டுதான் வரும். அதை வைத்துத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும்.

மார்லிஸ், கமிட்டி விசாரணைக்காக உங்கள் போனில் இது பதிவாகிறது என்றீர்கள். நம் துப்பாக்கி சுடும் கிளப்பின் கமிட்டியில் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத வக்கீல் ஒருவரும் இருக்கிறார். அவருக்காகக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன்.

தபால்தலை அளவுக்கு ஒரு கண்ணாடி. துப்பாக்கியின் முதுகில் உட்கார்ந்திருக்கும். அதன் வழியே பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே குண்டு போக வேண்டும். போகாவிட்டால் பக்கவாட்டில் இருக்கும் குட்டித் திருகைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு திருப்புக்கும் க்ளிக் என்று ஒரு சத்தம், குண்டு ஒரு மயிரிழை நகரும். இதில் இரண்டு வகை உண்டு. திறந்த வகை, ஜன்னல் மாதிரி நிமிர்ந்து நிற்கும். எடை இல்லை, பார்வைக்கு விசாலம். ஆனால் புள்ளியை உண்டாக்கும் குட்டி விளக்கு வெளியே இருப்பதால் ஒரு மண்துகள் அதன்மேல் விழுந்தால் போதும், புள்ளி கலங்கிவிடும். மூடிய வகை ஒரு பெட்டி. கொஞ்சம் குறுகல், கொஞ்சம் கனம். தூசி உள்ளே போகாது.

நான் காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் இரண்டு பக்கமும் பார்க்காமல் எழுத மாட்டேன். இரண்டு வகையையும் மழையில் நனைத்தேன். ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டேன். மூடிய வகையே சிறந்தது என்று நம் கிளப்பின் இணையப் பக்கத்தில் படங்களோடு எழுதினேன். அதை யாரும் மறுக்க முடியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஆரின் டீக் திறந்த வகையோடு சுடுதளத்துக்கு வந்தான்.

ஆரினை உங்களுக்குத் தெரியும். கேஸ் லாரி ஓட்டியவன், மனைவியை இழந்தவன், கிளப்பிலேயே குறி தவறாமல் சுடுகிறவன். எனக்கு முப்பது வருஷச் சிநேகிதன். எங்கே போனாலும் அவன் ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு குறிக்கு நிறுத்தியிருந்த இரும்புத் தகடுகளை எல்லாம் ஒன்று விடாமல் வீழ்த்திவிட்டு, என் துப்பாக்கியை எட்டிப் பார்த்தான்.

"லைல், என்னடா இது, துப்பாக்கி மேல மீன்தொட்டிய வச்சிருக்க? உள்ள மீனு இருக்கா, இனிமேதான் வாங்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள் மார்லிஸ். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

"நான் எழுதினதப் படிச்சியா?" என்று கேட்டேன்.

"பாதி படிச்சேன், தூக்கம் வந்துருச்சு. சுடத் தெரிஞ்சவன் சுடுவான்டா. தெரியாதவன் கண்ணாடிய ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்."

அடுத்த மாதத்துக்குள் கிளப்பில் பாதிப்பேர் திறந்த வகை வாங்கிவிட்டார்கள். அதில் ஒரு கண்ணாடியைக்கூட யாரும் ஃப்ரீசரில் வைத்துப் பார்த்ததில்லை. ஆரின் அடிக்கிறான் என்பது ஒன்றே அவர்களுக்குக் காரணம். ஒரு மனிதனின் கைத்திறமையை ஒரு பொருளின் தரம் என்று எடுத்துக்கொள்வது மிகப் பெரிய மதிப்பீட்டுப் பிழை. பிழையைத் திருத்துவதுதான் என் தொழிலாக இருந்தது.

கிளப்பில் கண்ணாடி பொருத்தித் தருவது நான்தான். அளவோடு இறுக்கும் திருப்புளி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. திருகு தானாக நகர்ந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அதன்மேல் மஞ்சள் நகப்பூச்சில் ஒரு கோடும் போட்டுத் தருவேன். ஆரின் வழக்கம்போல் பேட்டரி மாற்றக் கொடுத்தான். மாற்றினேன். இடப்பக்கம் இரண்டு க்ளிக் திருப்பினேன். கோட்டைப் புதிதாகப் போட்டேன்.

இரண்டு க்ளிக்கில் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. அடுத்த முறை இன்னும் இரண்டு. அவ்வளவுதான் நான் செய்தது. குளிர்காலம் முழுக்க.

பிப்ரவரியில் அவன் சுட்டும் தகடுகள் விழாமல் நிற்க ஆரம்பித்தன. ஆரின் துப்பாக்கியை இறக்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"புள்ளி கமா மாதிரி வாலோட தெரியுதுடா," என்றான்.

இந்த இடத்தில் நான் நேர்மையாக நடந்துகொண்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். போனை எடுத்து அவன் கண்ணாடி வழியாக ஒரு படம் எடுத்துக் காட்டினேன். படத்தில் புள்ளி அழகான வட்டம். "கேமராவுக்கு வட்டமாத் தெரியுது. உனக்குத்தான் வால் முளைச்சிருக்கு," என்றேன். இது உண்மை. எங்கள் வயதில் பாதிப்பேருக்கு விழியின் வளைவு கோணி, புள்ளி அப்படித்தான் தெரியும். அதனால் குறி தவறாது என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"துப்பாக்கிலதான் ஏதோ கோளாறு. நீ சுட்டுப் பாரு," என்று கையில் கொடுத்தான்.

நான் புள்ளியைத் தகட்டுக்கு வெளியே, வலப்பக்கம் ஒரு கை அகலம் தள்ளி வைத்துச் சுட்டேன். நட்ட நடுவில் அடித்தது. மறுபடி சுட்டேன். மறுபடி டங் என்றது. வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாகச் சுட்டது அன்றைக்குத்தான். அதைப் பாராட்டத்தான் ஆள் இல்லை.

"துப்பாக்கி நல்லாத்தான்டா இருக்கு," என்றேன்.

அவன் அதை வாங்கி உறையில் வைத்தான். பிறகு வண்டிச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினான். "வீட்டுக்கு நீயே ஓட்டுடா. அவ்வளவு பெரிய தகடே தெரியலன்னா, ரோட்டுல போற புள்ள எப்படித் தெரியும்?"

பொறுப்பான மனிதன். எனக்கு அவனிடம் எப்போதும் பிடித்தது அதுதான்.

அவனுடைய வண்டியை ஓட்டுவது எனக்குப் புது அனுபவம். உயரமான இருக்கை, ரேடியோவில் எனக்குப் பிடித்த நிலையம். செவ்வாய்க்கிழமை அவனைக் கடைக்குக் கூட்டிப்போனேன், வெள்ளிக்கிழமை கெளுத்தி மீன் சாப்பிடக் கூட்டிப்போனேன். அங்கே மெனுவை நான்தான் வாசித்தேன். அவனுக்கு வெங்காயம் போட்டு வறுத்த ஈரல் என்றால் உயிர். எனக்கு அந்த வாடை ஆகாது.

"ஈரல் இன்னைக்கு இல்ல போலிருக்கே," என்றேன்.

"போன வாரமும் இல்லன்னியே."

"மாடுங்க உஷாராயிருச்சுங்க போல."

பரிமாறுகிற பெண் ஈரல் தட்டோடு எங்களைத் தாண்டிப் போனாள். ஆரின் மூக்கை நிமிர்த்தி மோந்தான். "அது என்ன வாசனை?"

"மீனுதான்."

"மூக்கும் போயிருச்சு போலடா," என்று அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். நாங்கள் அந்த மாதங்களில் சிரித்த அளவுக்கு அதற்கு முன் சிரித்ததே இல்லை என்பதையும் கமிட்டி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச்சில் அவன் தோற்றுப்போனவன் மாதிரி வந்து, "உன் மீன்தொட்டியே ஒண்ணு வாங்கிப் போட்டுக் குடு," என்றான். என் ஒப்பீடு சரிதான் என்று கிளப் முழுக்கத் தெரிந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நிறுத்தினால் அவன் தகடுகளை அடிப்பான். அடித்தால் சாவியைத் திருப்பிக் கேட்பான். ஆகவே புதிய கண்ணாடியின் திருகையும் திருப்பினேன். நானே சிறந்தது என்று எழுதிய வகையின் பெயரை நானே கெடுத்துக்கொண்டேன். ஒரு சிநேகிதனுக்காக எத்தனை பேர் அதைச் செய்வார்கள்?

அவன் மூக்குக்கண்ணாடி விஷயமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு, துணியில். வண்டியில் ஏறியதும் "கொண்டா, துடைச்சுத் தர்றேன்" என்று வாங்கி, சுத்தமாகத் துடைத்துத் தருவேன். உலகம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். அழகாகக்கூட இருக்கும்.

டல்சா நகரில் கண் மருத்துவர், லேசாகப் புரை விழுந்திருக்கிறது, இன்னும் சில வருஷம் பொறுக்கலாம் என்றார். ஆரின் என்னைப் பார்த்தான். "இருக்குன்னு ஆச்சு. எடுத்துற வேண்டியதுதானே," என்றேன். எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு நான்தான் கூட்டிப்போனேன், சொட்டு மருந்து நான்தான் விட்டேன், சூப்பும் நான்தான் வைத்துக் கொடுத்தேன். சொட்டு மருந்தில் நான் எந்த மாறுதலும் செய்யவில்லை. எதற்கும் ஓர் எல்லை உண்டு.

கட்டு அவிழ்த்த பிறகு அவன் வாசலில் நின்று மரத்தைப் பார்த்தான். "இலை இலையாத் தெரியுதுடா லைல். ஒவ்வொண்ணும்." எனக்கும் மனம் நிறைந்தது. மறுநாளே சுடுதளத்துக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான்.

எல்லாக் குண்டும் இடப்பக்கம் போயிற்று.

அவன் கோபப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப கண்ணு இல்லடா."

"வேற என்ன?"

"மண்டை. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நேரா வைக்கறேன்னு நெனச்சுத் தட்ட மேசைக்கு வெளியில வைப்பாரு. கடைசில என்னையே யாருன்னு கேட்டாரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருப்பது பொய் சொல்வது ஆகாது. இருபத்தைந்து வருஷம் சேதம் மதிப்பிட்டவன் சொல்கிறேன், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அதன் பிறகு அவன் அடுப்பங்கரை இழுப்பறைகளில் கரண்டி, கத்தி என்று துண்டுக் காகிதம் ஒட்டி வைத்தான். வீட்டை விற்று முதியோர் இல்லத்தில் சேரலாமா என்று என்னிடம் யோசனை கேட்டான். என் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. தகடு அடித்தபோது ஒரு நாளும் அவன் என் கையைப் பிடித்ததில்லை.

அவன் தன் துப்பாக்கியை உங்களிடம் கொடுத்து, புதிதாகச் சேருகிற யாருக்காவது கொடுங்கள் என்று சொன்னது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் திருகை நேராக்கியிருப்பேன். நீங்கள் சுட்டீர்கள், இடப்பக்கம் போயிற்று. நீங்கள் மண்டையைச் சந்தேகப்படவில்லை, திருகைப் பார்த்தீர்கள். மஞ்சள் கோட்டுக்குக் கீழே பழைய மஞ்சள் கோடுகள், ஒன்றன் அடியில் ஒன்றாக, விசிறி மாதிரி. துடைக்காமல் மேலே மேலே பூசியது என் சோம்பல். அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆம், திருப்பியது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை.

அவனிடம் நீங்கள் விஷயத்தைச் சொன்னபோது நானும் அங்கேயே இருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தான்.

"அப்ப என் மண்டை நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு ஆரின்," என்றீர்கள்.

அவன் தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். எனக்குச் சங்கடமாக இருந்தது, மகிழ்ச்சியில்தான் அழுகிறான் என்று தெரிந்தும். பிறகு, என்னைக் கிளப்பைவிட்டு நீக்கக் கூடாது என்று உங்களிடம் கேட்டுக்கொண்டது அவன்தானே. "இவன்கூடச் சுடாம நான் யார்கூடச் சுடுவேன்? இருக்கட்டும் விடுங்க," என்றான். அதிலிருந்தே தெரியவில்லையா, நான் செய்ததில் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை என்று.

போன மாதம் எங்களுக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. "உன் கண்ணாடி லூசா ஆடுற மாதிரி இருக்குடா. குடு, இறுக்கித் தர்றேன்," என்று என் துப்பாக்கியை அவனே வாங்கிப்போனான். என் திருப்புளியையும் இரவல் வாங்கிக்கொண்டான். அப்படிக் கேட்க எவ்வளவு பெரிய மனது வேண்டும்.

நான் சீக்கிரம் முடிக்க வேண்டும் மார்லிஸ். டல்சாவில் கண் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறது. மூன்று சனிக்கிழமையாக என் குண்டுகள் வலப்பக்கம் ஒதுங்குகின்றன. துப்பாக்கியில் ஒன்றும் இல்லை, ஆரின் சுட்டுக் காட்டினான், நட்ட நடுவில் அடித்தது. வயது, வேறென்ன. மூக்குக்கண்ணாடி வேறு எத்தனை துடைத்தாலும் மங்கலாகவே இருக்கிறது, இத்தனைக்கும் தினமும் அவன்தான் துடைத்துத் தருகிறான். இப்போது வெளியே வண்டியில் எனக்காகக் காத்திருக்கிறான். சாவி அவனிடம்தான்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று புரிகிறது. திருகைப் பார்க்கச் சொல்கிறீர்கள். தேவையில்லை மார்லிஸ். முப்பது வருஷச் சிநேகிதனுக்கு யாராவது அப்படிச் செய்வார்களா?