ஸ்கோர் போர்டுக்காரர்

இரவு பதினொன்றரை. ஸ்டேடியத்துக்குப் பின்பக்கம் போகிற ரோடு. விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள், விளக்கு மாட்டவில்லை... ஒரு பக்கம் புது மதில், மறுபக்கம் ஜல்லிக் குவியல். ஒரு நாய்கூடக் கிடையாது. அந்த ரோட்டில் ஒரே ஒரு பைக்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

பைக்கில் போனவர் நம் கண்ணாடிக் கடைக்காரனின் அக்கா புருஷன். பழைய ஸ்டேடியத்தை இடித்துப் புதிதாகக் கட்டிய கம்பெனியில் சூப்பர்வைசர். கெட்டிக்காரர், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மறுநாள் புது ஸ்டேடியத்தில் முதல் மேட்ச். அந்த நேரத்தில் திரை ஆபரேட்டரிடமிருந்து போன் வந்திருந்தது. ஸ்கோர் காட்டுகிற பெரிய திரையை அணைத்துவிட்டானாம். ஆனால் ஒரு மூலையில் ஒரே ஒரு எண் மட்டும் எரிகிறதாம். வயரைப் பிடுங்கினாலும் எரிகிறதாம். எட்டு.

எட்டு என்றதும் மனுஷன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏன் என்று சொல்ல இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அந்த இடம் முதலில் ஒரு மில்லின் காலி மைதானம். ஷிப்ட் முடிந்து வந்த தொழிலாளிகள் கிரிக்கெட் ஆடினார்கள். அப்புறம் மண்ணைக் கொட்டி மேடு போட்டார்கள், மேட்டில் சிமெண்ட் படி வந்தது, ஒரு பக்கம் மட்டும் கூரை வந்தது. துட்டு உள்ளவனுக்கு நிழல், மற்றவனுக்கு வெயில். வெளிநாட்டு அணிகூட ஒருமுறை வந்து உதை வாங்கிக்கொண்டு போனது. மைதானத்தின் கிழக்கு மூலையில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று... அதுதான் ஸ்கோர் போர்டு. முன்சுவர் முழுக்க ஜன்னல் ஜன்னலாக ஓட்டை, ஓட்டைக்கு ஒரு கொக்கி. உள்ளே ஓர் ஆள் நின்று தகரத்தில் எழுதிய எண்களை மாட்டுவார். டங்... டங்... அவரை எல்லாரும் போர்டுக்காரர் என்பார்கள். எப்போது பார்த்தாலும் அவர் மேல் பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாடை.

அவருக்கு ஒரு பழக்கம். தகரத்தின் ஒரு பக்கம் வெள்ளை எண், மறுபக்கம் வெறும் கறுப்பு. வீட்டுக்குக் கிளம்பும்போது எல்லாத் தகரத்தையும் கறுப்புப் பக்கமாகத் திருப்பிவிட்டுத்தான் இறங்குவார். ஒரு எண் தெரிந்தால்கூட ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். டீக்கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் டீ அனுப்புவார். சூப்பர்வைசருக்கும் இது தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கேயே மேட்ச் பார்த்து வளர்ந்தவர் அவர்.

ஸ்டேடியத்தை இடிக்க ஆரம்பித்தபோது, அந்தப் போர்டை மட்டும் விட்டுவையுங்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் தடை வந்துவிடும் என்கிற நிலை. கான்ட்ராக்டர் சூப்பர்வைசரைப் போனில் கூப்பிட்டு, பொழுது விடியும்போது அங்கே போர்டு நிற்கக் கூடாது என்றார். முடித்துக் கொடுத்தால் மேனேஜர் நாற்காலி உனக்குத்தான் என்றும் சொன்னார்.

அன்று மதியம்தான் போர்டுக்காரர் வந்து, தகரங்களை வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டிருந்தார். இருட்டுவதற்குள் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்று அனுமதி கொடுத்தவர் இதே சூப்பர்வைசர்.

பொழுது சாயும் நேரத்தில் மிஷின் வந்து நின்றது. இடிக்குமுன் ஓர் ஆள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது வேலையில் சட்டம். யாரையும் ஏற்றவில்லை. மிஷின் ஓட்டுகிறவர்தான் தலையை வெளியே நீட்டினார்.

"சார், மேல ஏழு தெரியுதே... ஆள் இருக்காரா?"

"திருப்ப மறந்துட்டுப் போயிருப்பாரு. நீ இடி."

முதல் அடி. கட்டடம் ஒரு குலுக்குக் குலுங்கியது. ஓட்டுகிறவரின் கண் மிஷினின் கையில் இருந்தது. சூப்பர்வைசரின் கண் போர்டில் இருந்தது. அப்போது... அந்த ஏழு உள்ளே போனது. அதே கொக்கியில் எட்டு வந்து தொங்கியது.

யாரோ மாட்டினால்தானே வரும்.

கையைத் தூக்கியிருந்தால் போதும். மிஷின் நின்றிருக்கும். கோர்ட், கான்ட்ராக்டர், மேனேஜர் நாற்காலி எல்லாம் ஒன்றாக மண்டைக்குள் வந்து நின்றன. கை பேன்ட் பாக்கெட்டிலேயே கிடந்தது. இரண்டாவது அடி விழுந்தது.

இடிந்ததை அங்கேயே நொறுக்கிப் பள்ளத்தில் போட்டு நிரவினார்கள். அதன்மேல்தான் புதுத் திரைக்கு அஸ்திவாரம் போட்டது. பாவி.

போர்டுக்காரருக்கு ஒரே மகள், தையல்காரி. அப்பா போட்டோவை வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றாள். உங்கப்பா அன்றைக்கே தகரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாரே அம்மா என்று கூசாமல் சொல்லி அனுப்பினார் சூப்பர்வைசர். அவள் மழையிலும் வந்தாள், வெயிலிலும் வந்தாள். கடைசியில், அந்தப் பெண்ணை இனிமேல் உள்ளே விடாதே என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டார்.

அந்த ஆள்தான் இப்போது பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினார்...

திரைக்குப் பின்னால் குறுகலான இரும்பு ஏணிப்படி. அடுக்கடுக்காக மேலே நடைமேடை, சல்லடை மாதிரி இரும்புத் தளம். டார்ச் அடித்துக்கொண்டு ஏறினார். பாதி தூரம் ஏறியதும் வாடை வந்தது. டர்பன்டைன். அந்தக் கட்டடத்தில் பெயின்ட் வேலை முடிந்து மாசக்கணக்கு ஆகிறது. மேலே... டங்.

நின்றார். சத்தம் நின்றது. ஏறினார். டங்... டங்.

மேல்தளத்தில் ஓர் இரும்புக் கதவு. உள்ளே போனால் திரையின் முதுகுக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். டார்ச்சை நீட்டி உள்ளே காலை வைத்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அந்தக் கதவுக்கு இன்னும் பூட்டு மாட்டவில்லை, தாழ்ப்பாள்கூட மாட்டவில்லை... விரலால் தள்ளினால் திறக்க வேண்டும். தோளைக் கொடுத்துத் தள்ளினார். சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. தள்ளிய வேகத்தில் சட்டைப் பையிலிருந்த போன் நழுவியது. சல்லடைச் சந்தில் விழுந்து கீழே கீழே போய் எங்கேயோ உடைந்தது.

கீழே ஆபரேட்டர் பார்த்தபோது திரையில் எட்டு இல்லை. சார் சரிபண்ணிவிட்டார் என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டான். வீட்டிலும் தேடவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் ராத்திரி வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஸ்டேடியத்தில் போய்ப் படுத்துக்கொண்டிருந்ததால், அன்றும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

விடிந்தது. மத்தியானம் கூட்டம் வந்தது. திரையைப் போட்டார்கள். அதன் முதுகு எப்படிக் கொதிக்கும் என்று வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அத்தனை விசிறியும் சூட்டை அந்தச் சந்துக்குள்தான் தள்ளும். தொண்டை கிழியக் கத்தினார். வெளியே ஊரே கத்திக்கொண்டிருந்தது. திரைப் பலகைகளுக்கு நடுவே விரல் அளவு இடைவெளி. அதில் கண்ணை வைத்தார். நேர் கீழே, அவரே வாங்கிக் கொடுத்த பாஸில், அவர் பெண்டாட்டியும் மச்சினனும். "மாப்ளே..." என்று கூப்பிட்டார். மச்சினன் ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவருக்குப் பக்கத்தில், இருட்டில், ஒவ்வொரு ரன்னுக்கும் டங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. திரையில் எண் மாறுவதற்கு ஒரு நொடி முன்னால்.

ஷூவைக் கழற்றித் திரையின் முதுகுத் தகரத்தில் அடித்தார். அடித்தார், அடித்தார்... அப்போதுதான் காதோரமாக ஒரு குரல். கோபமே இல்லாத குரலாம்.

"கேக்கும் தம்பி. எல்லாருக்கும் நல்லாவே கேக்கும்."

கேட்டது. கீழே ஒருவன் தலையைத் தூக்கினான். அப்புறம் பத்துப் பேர். தட் தட் தட்... கம்பெனிக்காரன் மேளம் வைத்திருக்கிறான் என்று நினைத்தார்கள். அந்தத் தாளத்துக்குக் கை தட்டினார்கள். அவர் பதறிப்போய் வேகமாக அடித்தார், அவர்களும் வேகமாகத் தட்டினார்கள். ஸ்டேடியம் மொத்தமும் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டியது. அத்தனை கையும் அவரைப் பார்த்துத்தான் உயர்ந்தது. அடிக்க முடியாமல் அவர் ஓய்ந்ததும் ஓ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு குப்பை கூட்ட வந்த அம்மாள் ஒற்றை விரலால் அந்தக் கதவைத் திறந்தாளாம்.

உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அந்தத் தையல்காரியைக் கூட்டிவரச் சொன்னார். ஏழு எட்டாக மாறியதைக்கூட மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கடைசிவரை நின்று கேட்டாள். அழவில்லை.

"நீங்க சாகக் கூடாது," என்றாள். "ரொம்ப நாள் இருக்கணும். இதே நெனப்போட இருக்கணும்."

அப்படித்தான் இருக்கிறார். யாராவது கை தட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறார். அஸ்திவாரத்தைத் தோண்ட வேண்டும் என்று அவள் கோர்ட்டில் நிற்கிறாள். கான்ட்ராக்டர் மட்டும் இன்னும் அந்த ஸ்டேடியத்துக்குள் காலை வைக்கவில்லை. வைக்கட்டும், பார்க்கலாம்.

இதையெல்லாம் என்னிடம் சொன்னது கண்ணாடிக் கடைக்காரன்தான். அன்றைக்கு முதலில் கை தட்டியது அவனாம். அவனாகத் தட்டவில்லையாம். மாமாவுக்கு என்று போட்டிருந்த சீட்டில் யாரோ ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து, அவன் தோளைத் தட்டி, "நல்லாத் தாளம் வருது பாருங்க, தட்டுங்க," என்றாராம்.

அந்தப் பெரியவர் யார் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவிடம் கேட்டிருக்கிறான். அவள் இவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாளாம்.

"எந்தப் பெரியவர்டா? அந்த சீட்டுல ஆரம்பத்துலேர்ந்து என் கைப்பைதானே இருந்துச்சு..."