ஹீரோவின் தோழி சொன்ன கடைசி வசனம்

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் என் எதிரே இரண்டு பெண்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நேத்து என்னைக் கொன்னுட்டாங்கடி."

"யாருடி?"

"இங்கிலீஷ் சூப்பர் ஹீரோ சீரியலுக்குத் தமிழ் டப்பிங் பேசறேனில்ல, அதுலதான். ஹீரோவோட ஃப்ரெண்டா ஒரு இந்தியாக்காரப் பொண்ணு வருவாளே, டாக்டர்."

"எப்பவும் 'பாத்துப் போ'ன்னு மட்டும் சொல்லிக்கினு இருப்பாளே, அவளா?"

"அவளேதான். அவளுக்கு அம்மா இருக்காங்களா, வீடு எங்க இருக்குது, ஒண்ணுமே காட்டல. சாவும்போதும் அவன் பேரைத்தான் சொல்லணுமாம். எனக்கு ஆத்திரமா வந்துச்சு. அந்த இடத்துல அவ முதுகுதான் தெரியுது, வாயசைவு தெரியல. அவன் பேருக்குப் பதிலா 'ஒரு நாளாவது எங்க வீட்டுக்கு வந்திருக்கியாடா?'ன்னு கேட்டுட்டேன்."

"திட்டலையா?"

"டப்பிங் டைரக்டர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் 'இதையே வெச்சுக்கலாம்மா, இன்னொரு தடவை சொல்லு'ன்னாரு."

தோழி அவள் தோளில் ஓங்கி அடித்துச் சிரித்தாள். அவர்கள் இறங்கும்போது ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு அவன் என்னம்மா சொன்னான்?"

"அவனுக்கு அங்க வசனமே இல்லண்ணா. சும்மா முழிச்சிக்கினு இருக்கான்."