வீடியோவில் தெரிந்த கை

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் போனில் நண்டுக் குழம்பு வைக்கும் வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஒன் நாத்தனார் வீடியோதானே, செல்வி? மூஞ்சி தெரியறப்ப கையில வாட்ச் இருக்கு. நண்டு உடைக்கிறப்ப பச்சை வளையலுல்ல இருக்கு?”

“அது என் கை அக்கா” என்றாள் இளையவள்.

மூத்தவர் வீடியோவை நிறுத்தினார்.

“அண்ணி பிரான்ஸ்லேருந்து லீவுக்கு வந்த நாளா இதே கூத்துதான். அரைக்கிறது, வதக்கிறது எல்லாம் நான். கடைசியில வந்து கரண்டியப் புடிச்சிகிட்டு சிரிப்பாங்க. வீடியோவுல பறக்குற ஆவி கூட குழம்போடது இல்ல. ஆறிப்போன சட்டிக்குப் பின்னாடி சுடுதண்ணி டம்ளர ஒளிச்சு வச்சிருக்காங்க.”

“ஒன் வீட்டுக்காரரு ஒண்ணும் கேக்கலயா?”

“கேமரா புடிக்கிறதே அவருதான்! என் மூஞ்சி வந்துட்டா ‘கொஞ்சம் தள்ளிக்க’ங்கிறாரு. நேத்து வீட்டுக்கு வந்தவங்ககிட்ட அதே வீடியோவக் காட்டி, ‘எங்க அக்கா கைப்பக்குவம் யாருக்கு வரும்’னு பெருமை அடிச்சிக்கிறாரு. நான் அவங்களுக்குக் காப்பி கொடுத்துகிட்டு நிக்கிறேன்.”

அவள் குரல் கேட்டு கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அப்போது அவளுடைய போன் அடித்தது.

“சொல்லுங்க அண்ணி. எங்கம்மா வீட்டுக்குப் போறேன். ஆமா, கேமரா வச்சாச்சுன்னு தெரியும். மீன் அப்படியே கழுவுற தொட்டியில கெடக்கு. செதில உங்க தம்பிய எடுக்கச் சொல்லுங்க.”