ஒரு கண்ணுக்குக் கைக்குட்டை, ஒரு கண்ணுக்குக் காகிதக் கப்

இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, இன்று ஒரு நாள் ஓய்வும் கொடுத்திருக்கும் இந்த ஆயுத பூசை அரங்கின் தலைவர் ஐயா கோவிந்தப்பா அவர்களே! நம் பெங்களூரு பீன்யாவின் பட்டறைகளில் இரும்போடு மல்லுக்கட்டும் தோழர்களே! அவர்கள் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டுமே என்று வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களே! போர்முனையில் காயம்பட்ட கண்களுக்கு மருத்துவம் பார்க்கும் ராஜலக்ஷ்மியின் வணக்கம்.

போர்முனைக்கும் பீன்யாவுக்கும் என்னம்மா சம்பந்தம் என்கிறீர்களா? உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது சம்பந்தம். கைக்குட்டை! கண்ணில் இரும்பு விழுந்தால் என்ன செய்கிறீர்கள்? பக்கத்து லேத்துக்காரர் கைக்குட்டை நுனியை முறுக்குகிறார், இமையை விரிக்கிறார், எடுத்துவிடுகிறார். அங்கே ஓர் அண்ணன், "ஊதினாலே போயிடும் மேடம்" என்கிறார். உங்கள் வாய்க்காற்றைச் சுடு டீக்கு வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே, கண்ணுக்கு வேண்டாம்!

விவேக் நகர்ப் பிள்ளைகள் கிளெமென்ட்டும் பரத்தும். இதே பீன்யாவில் அடுத்தடுத்த லேத்தில் நின்றவர்கள், ஒன்றாகவே படையில் சேர்ந்தவர்கள். எல்லையில் ஒரு காலை, டீ வேளையில் குண்டு விழுந்தது. சிதறிய இரும்பு கிளெமென்ட்டின் இரு கண்களிலும் பாய்ந்தது.

"எடுத்து உட்றா மச்சா! பீன்யால எத்தினி வாட்டி எடுத்திருக்கே!" என்று கிளெமென்ட் அலறினான்.

நண்பன் துடிக்கிறான். பழகிய கை சும்மா இருக்குமா? பரத் கைக்குட்டையை முறுக்கினான். இடது கண்ணில் துருத்திக்கொண்டிருந்த சில்லைப் பிடுங்கினான். இரும்பு வந்தது. ஐயோ, இரும்போடு கண்ணுக்குள் இருந்ததும் வந்தது!

வண்டி டயரில் ஆணி ஏறினால் நடுவழியில் பிடுங்குவீர்களா? பஞ்சர் கடை வரை அப்படியே ஓட்டுவீர்கள். காற்றைப் பிடித்து வைத்திருப்பதே அந்த ஆணிதானே? டயருக்குக் காட்டும் பொறுமையைக் கண்ணுக்குக் காட்டக் கூடாதா? பிடுங்காமல் விட்டிருந்தால் அந்தக் கண் பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒரு வாய்ப்பு இருந்தது, அது போயிற்று.

"இன்னொண்ணையும் எடுடா, எரியுது!" என்று கிளெமென்ட் கத்தினான்.

"திட்டு மச்சா, எவ்ளோ வேணா திட்டு. கை வெக்க மாட்டேன்."

துப்பாக்கி தூக்குவது மட்டுமா வீரம்? கெஞ்சும் நண்பனுக்கு முடியாது என்று சொன்னானே, அதுவல்லவா வீரம்! பரத் தேய்க்கவில்லை, கழுவவில்லை, அழுத்தவில்லை. புதிய காகித டீ கப் ஒன்றை வலது கண்ணின் மேல் கவிழ்த்தான். விளிம்பு கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் நிற்க, உள்ளே எதுவும் கண்ணைத் தொடாதபடி பிளாஸ்திரியால் ஒட்டி அனுப்பினான்.

அந்தக் கப்போடுதான் பெங்களூருக்கு, என் அறுவை மேசைக்கு வந்தான் கிளெமென்ட். இடது கண்ணை என்னால் மீட்க முடியவில்லை. வலது கண்ணில் இருந்த சில்லை எடுத்துத் தைத்து மூடினேன். பார்வை வருமா? எனக்கே தெரியாது.

கட்டுப் பிரித்த அன்று பரத் உள்ளே வரவில்லை. நண்பனின் கண்ணைக் கெடுத்துவிட்டோமே என்ற வேதனையில் கதவோரம் நின்றான். கண்ணை மெல்லத் திறப்பா என்று கிளெமென்ட்டிடம் சொன்னேன். அந்த ஒற்றைக் கண் சுவரைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, கதவில் வந்து நின்றது.

"ஏன்டா அங்கேயே நிக்கிறே? தெரியுது, வா."

இருபது ஆண்டுத் தொழிலில் என் கண் கலங்கிய நாள் அது, தோழர்களே!

வெளியே டீ வைத்திருக்கிறார்கள். ஒரு கப்பில் குடியுங்கள். குடிக்காத கப் ஒன்றை எடுத்துப்போய் உங்கள் லேத்துக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். நாளைக்கு ஒருவர் கண்ணில் இரும்பு குத்தி நின்றால், கைக்குட்டை பையிலேயே இருக்கட்டும். கண் மேல் கப்பைக் கவிழ்த்து, எங்களைப் போன்ற கண் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். இவ்வளவு நேரம் என்னையே பார்த்திருந்த உங்கள் அத்தனை கண்களுக்கும் நன்றி. அவை அத்தனையும் அடுத்த ஆயுத பூசையிலும் என்னைப் பார்க்க வேண்டும். வணக்கம்!